டாகூர்மொஷாய் கேட்ட பெயர்கள்

"உங்கள் வீடு சாமவேதமா, யஜுர்வேதமா?" என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கொல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மீனை முள் எடுத்துத் தின்னவும், பேருந்து நடத்துநரோடு சண்டை போடவும் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் புகுந்த வீட்டின் வேதம் எது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் வரவில்லை.

என் அப்பா அம்மா திருச்சியில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். 1963-ல். புரோகிதர் இல்லை, தீ இல்லை, இரண்டு மாலையும் நான்கு பேச்சாளர்களும்தான். அந்தத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஒப்புதல், 1967-ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம்தான் கிடைத்தது. அதற்குள் அண்ணன் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தான், நானும் பிறந்திருந்தேன். என் கல்யாணமும் 1992-ல் கொல்கத்தாவில் ஒரு பதிவாளரின் மேசைமுன் நடந்தது. ஆகவே என் மகள், "மா, எனக்கு முழு வங்காளிக் கல்யாணம் வேண்டும், நெருப்பு சாட்சியாக. ஆனால் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிய வேண்டும்" என்று சொன்னபோது, எங்கிருந்து தொடங்குவது என்றே எனக்குப் புரியவில்லை. புரோகிதரைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. என் கணவருக்கு அலுவலகம், மாமியாருக்கு எண்பத்தேழு வயது, நான் ஓய்வு பெற்றவள்.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இங்கே வங்காள மருமகன், மருமகள் எடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. புரோகிதரை எப்படித் தேடினீர்கள் என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதி. வங்காளத்தில் புரோகிதரைப் பிடிப்பதும் தேதி பிடிப்பதும் ஒரே வேலை. அவர்களுடைய மாதங்களும் நம்முடையவை போலவே சூரிய மாதங்கள்தான், சித்திரையில் நாம் புத்தாண்டு கொண்டாடும்போது அவர்களுக்குப் பொய்ஷாக் பிறக்கிறது. ஆனால் கல்யாணத்துக்கு ஆகும் மாதம், ஆகாத மாதம் என்ற கணக்கு நம்மோடு ஒட்டாது. நாம் ஆடியில் வாசற்படி தாண்ட யோசிப்போம், அதே மாதம் அங்கே ஷ்ராபோன், மழையில் நனைந்துகொண்டு கல்யாணம் செய்வார்கள். நாம் ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருப்போம், அவர்களுக்கு அது பாத்ரோ, பேச்சே எடுக்கக் கூடாது. நமக்குப் பங்குனி உத்திரம் விசேஷம், அவர்களுக்கு அந்தச் சோய்த்ரோ மாதம் விலக்கு. இரண்டு பேரும் ஒத்துப்போவது மார்கழியில், அந்தப் பௌஷ் மாதத்தில் அவர்களும் செய்யமாட்டார்கள். அண்ணன் திருச்சியிலிருந்து "ஆவணியில வை, ஸ்கூல் லீவு பார்த்துக்கலாம்" என்றான். மாமியாரிடம் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைக்கூடத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் பால்குன், நம் மாசி, என்று முடிவானது.

அப்புறம் எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்வி. நம்மூரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு இருப்பதுபோல் இங்கேயும் உண்டு. எங்கள் வீட்டில் குப்தா பிரஸ் பஞ்சிகை, பழைய கணக்கு. மாப்பிள்ளை வீட்டில் விசுத்த சித்தாந்த பஞ்சிகை. அது 1890-ல், கிரகங்கள் வானத்தில் உண்மையில் எங்கே இருக்கின்றனவோ அதைப் பார்த்துக் கணிக்க வேண்டும் என்று தொடங்கப்பட்டது. ராமகிருஷ்ணரின் பேலூர் மடத்தில் பின்பற்றுவதும் அதுதான். ஒரே நாளுக்கு இரண்டும் வேறு வேறு லக்ன நேரம் காட்டும். இதை யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து தீர்க்காவிட்டால், கல்யாண மேடையில் இரண்டு பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தீர்க்க வேண்டியவர் புரோகிதர். நல்ல புரோகிதருக்கு நான் வைத்த முதல் சோதனை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அப்படி நினைத்துச் செய்யவில்லை.

மகள் முதலில் விரும்பியது பெண் புரோகிதர்களை. கொல்கத்தாவில் நந்தினி பௌமிக் அவர்களும் அவருடைய தோழியரும் பல வருஷங்களாகத் திருமணம் செய்துவைக்கிறார்கள். சம்ஸ்கிருதம் படித்தவர்கள். கன்யாதானத்தை விட்டுவிடுகிறார்கள், மந்திரத்தின் பொருளை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள், நடுவில் ரவீந்திர சங்கீதம் பாடுகிறார்கள். 2021-ல் கொல்கத்தாவில் ஒரு துர்கா பூஜையை அந்த நான்கு பெண்களே நடத்தினார்கள். நான் தெருவில் கூட்டத்தோடு நின்று அந்தக் குரல்களைக் கேட்டிருக்கிறேன், கண்ணீர் வந்தது. மகளுக்கு அவர்கள்தான் வேண்டும். ஆனால் என் மாமியாருக்குத் தன் பேத்திக்கு, காலையில் முன்னோரை அழைக்கும் நாந்திமுகம் முதல் இரவு ஹோமமான குஷண்டிகை வரை பழைய முறைப்படி நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. "டாம்மாவுக்கு இது கடைசிக் கல்யாணமாக இருக்கலாம், அவருக்காக விட்டுக்கொடுக்கிறேன். புரியணும் என்பதை மட்டும் விடமாட்டேன்" என்றாள் மகள். அப்பாவைப் பெற்ற பாட்டியை இங்கே டாம்மா என்பார்கள். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன்.

குடும்பப் புரோகிதர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. அவர் மகனை அழைத்தோம். மரியாதையாகப் பேசினார், தேதியைக் கேட்டதும், "அன்றைக்கு எனக்கு ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, உங்களுக்கு கோதூலி லக்னம் தருகிறேன், ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்" என்றார். கோதூலி என்றால் மாடு வீடு திரும்பும் அந்திப்பொழுது. இது வங்காளக் கல்யாணத்தின் நடைமுறைச் சிக்கல். கல்யாணம் மாலையிலும் இரவிலும்தான் நடக்கும். நல்ல நாள்கள் மாதத்துக்குச் சிலவே. ஒரே இரவில் ஊரெல்லாம் கல்யாணம். புரோகிதர் ஒரு வீட்டில் சிந்தூரம் வைத்த கையோடு அடுத்த வீட்டுக்கு டாக்சி பிடிப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த இருபது இருபத்தைந்து இரவுகளில்தான் அவருடைய வருஷத்து வருமானம். ஆனால் எங்களுக்கு வேண்டியது அதுவல்ல. யாரை அழைத்தாலும் "அன்றைக்கு வேறு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது, மண்டபத்துக்காரர் சொன்ன ஏற்பாடு. பூ, விளக்கு, பந்தலோடு புரோகிதரும் சேர்த்தி. பூஜைச் சாமான்கள் உள்பட பதினைந்தாயிரம் ரூபாய். வசதியாகத்தான் இருந்தது. அவரிடம் முன்கூட்டி ஒருமுறை பேச முடியுமா என்றேன். "அன்றைக்கு வருவார், எல்லாம் அவருக்குத் தெரியும்" என்றார்கள். நான் விடாமல் எண்ணை வாங்கிப் பேசினேன். மந்திரங்களுக்குப் பொருள் சொல்வீர்களா என்று மகள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "மந்திரத்துக்கு அர்த்தம் எதற்கு? பலன் வந்தால் போதாதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பா எதை எதிர்த்து இரண்டு மாலையோடு நிறுத்திக்கொண்டாரோ, அதையே நான் பணம் கொடுத்து வாங்கப் பார்க்கிறேனோ என்று இருந்தது.

மூன்றாமவர்தான் "எந்த வேதம்?" என்று கேட்டவர். என் நாத்தனார், எங்கள் பொர்தி, பணியாற்றிய பள்ளியில் சம்ஸ்கிருத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்பாராவில் வீடு. கங்கைக் கரையில் கொல்கத்தாவுக்கு வடக்கே இருக்கும் அந்த ஊர், சம்ஸ்கிருதப் பண்டிதர்களுக்கும் அவர்களுடைய டோல் என்ற பாடசாலைகளுக்கும் பெயர் பெற்றது. இவர் வருஷத்துக்கு ஆறேழு கல்யாணம் மட்டும் செய்கிறார், ஒரு நாளைக்கு ஒன்றுதான். "என்னைத் தேர்வு செய்யும் முன் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பெண்ணும் பையனும் இருக்க வேண்டும்" என்று அவரே சொன்னார். அதற்கு முன் எனக்கு ஒரு வீட்டுப்பாடம்: வேதம் எது, கோத்திரம் எது, இரண்டு பக்கமும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள்.

வேதம் எது என்பது எதற்கு என்று கேட்டேன். வங்காளத்தில் சாமவேதிகளுக்கு பவதேவ பட்டர் வகுத்த முறை, யஜுர்வேதிகளுக்குப் பசுபதி வகுத்த முறை என்று நூற்றாண்டுகளாகத் தனித்தனிப் பத்ததிகள் இருக்கின்றன, மந்திரமும் வரிசையும் மாறும் என்றார். எங்கள் வீடு சாமவேதம். மாமியாருக்கு உடனே தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு யஜுர்வேதம்.

பெயர்கள்தான் எங்களைப் படுத்திவிட்டன. சம்பிரதானம், அதாவது பெண்ணை ஒப்படைக்கும் சடங்கில், இன்ன கோத்திரத்து இன்னாரின் கொள்ளுப்பேத்தி, இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள் என்று இரண்டு பக்கத்து வரிசையையும் மூன்று முறை சொல்லுவார்கள். என் கணவருக்குத் தாத்தா பெயர் வரை தெரியும், மகளின் வரிசைக்கு அது போதும். ஆனால் நாந்திமுகத்தில் அவர் தன் கொள்ளுத்தாத்தா பெயரையும் சொல்ல வேண்டும். அது? மாமியாருக்கும் ஞாபகம் இல்லை, அவர் கல்யாணமாகி வந்தபோதே அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். இப்போது வங்கதேசத்தில் இருக்கும் பெரிசால் மாவட்டத்திலிருந்து நாடு பிரிந்தபோது வந்த குடும்பம், காகிதங்கள் எல்லாம் அங்கேயே போயின. பொர்தியின் டிரங்குப் பெட்டியில், காய்ந்த வெற்றிலை நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு ஜாதகத்தின் தலைப்பில் அந்தப் பெயர் கிடைத்தது. என் கணவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். அறுபத்திரண்டு வயதில் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரை முதன்முதலாக உச்சரிக்கிற மனிதரின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். கல்யாணம் வைத்திருப்பவர்கள் இந்தத் தேடலைக் கடைசி வாரத்துக்கு விட வேண்டாம், தயவுசெய்து.

பாட்பாராப் புரோகிதர் வந்த ஞாயிற்றுக்கிழமைதான், என்னைக் கேட்டால், கல்யாணத்தின் பாதி. புரோகிதரை இங்கே அழைக்கும் வழக்கப்படி நாங்கள் டாகூர்மொஷாய் என்று கூப்பிட்டோம், அவர் என்னை "மா" என்றார், வயதில் என்னைவிட மூத்தவர்தான், இங்கே அது வழக்கம். பையில் ஒரு நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா. தேநீர் வாங்கிக்கொண்டு மகளிடம், "எது உனக்கு உறுத்துகிறது, அதிலிருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

மகள் நேராகவே சொன்னாள்: "என்னைத் தானமாகக் கொடுக்கக் கூடாது."

அவர் கோபப்படவில்லை. சங்கல்பத்தில் உள்ள சொற்களைத் தான் மாற்றமாட்டேன், வேண்டாமென்றால் முழுதாக விட்டுவிடலாம், பாதி மாற்றிப் பாதி சொல்வது தனக்கு ஆகாது என்றார். "ஆனால் முடிவு செய்யும் முன் அதற்கடுத்து என்ன வருகிறது என்று கேட்டுவிடு." கொடுத்தது ஆனதும் மணமகன் சொல்ல வேண்டிய ஒரு மந்திரம் இருக்கிறதாம், காமஸ்துதி என்று பெயர், அதர்வ வேதத்தில் வருவது. அவர் ஒரு வரி சொல்லி ஒரு வரி பொருள் சொன்னார். யார் கொடுத்தார்? யாருக்குக் கொடுத்தார்? காதல்தான் காதலுக்குக் கொடுத்தது. கொடுப்பதும் காதல், பெறுவதும் காதல்.

வீட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளைப் பையன்தான் மெல்ல, "இதை நான் எத்தனை கல்யாணத்தில் கேட்டிருப்பேன், அப்பா கொடுக்கிறார் மாமனார் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்" என்றான். மகள் அதை நோட்டில் எழுதித் தரச் சொன்னாள். முடிவாக, சம்பிரதானம் இருக்கும், அப்பாவோடு நானும் உட்கார்ந்து கை வைப்பேன், காமஸ்துதியை இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள், டாகூர்மொஷாய் அதை வங்காளியிலும் நான் தமிழிலும் பொருள் சொல்வோம் என்று ஆனது. மகளுக்கு முழு சமாதானம் என்று சொல்லமாட்டேன். தனக்குத் தெரிந்து, தானே யோசித்து ஒப்புக்கொண்டாள். அது வேறு, தெரியாமல் உட்கார்ந்திருப்பது வேறு.

நான் உட்காருவது பற்றி ஒரு சிக்கல் இருந்தது. வங்காளத்தில் பெண்ணைப் பெற்ற தாய் கல்யாணத்தைப் பார்க்கக் கூடாது என்று பல வீடுகளில் வழக்கம். உள்ளறையில் உட்கார்ந்து சங்கொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் மாமியார் பொர்தியின் கல்யாணத்தை அப்படித்தான் கேட்டார், பார்க்கவில்லை. நான் இதைக் கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பத்ததியில் அப்படி ஒரு விதியே இல்லை மா, அது லோகாசாரம், ஊர் வழக்கம்" என்றார் டாகூர்மொஷாய். பக்கத்தில் இருந்த மாமியார், "அப்படியென்றால் என்னை ஏன் உள்ளே உட்கார வைத்தார்கள்?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிதலுக்காகவே இவர்தான் என்று நான் மனசில் முடிவு செய்தேன்.

சாஸ்திரம் எது, லோகாசாரம் எது, பெண்கள் நடத்தும் ஸ்திரீ ஆசாரம் எது என்று அவர் பிரித்துச் சொன்னது பெரிய உதவி. வரவேற்பு ஆரத்தி, மஞ்சள் பூசுவது, பலகையில் பெண்ணைத் தூக்கி மாப்பிள்ளையைச் சுற்றி ஏழு சுற்று வருவது, முகத்தை மூடிய வெற்றிலையை விலக்கிப் பார்த்துக்கொள்ளும் சுபதிருஷ்டி, இவற்றில் எல்லாம் புரோகிதருக்கு அதிகாரம் கிடையாது, "அது உங்கள் ராஜ்ஜியம்" என்றார். அப்படியென்றால் தமிழ் வழக்கத்தைச் சேர்க்க இடம் அங்கேதான். தாய்மாமன் பலகை தூக்கலாமா? தாராளமாக. அண்ணி ஒரு தாலி வாங்கி வரட்டுமா என்று கேட்டிருந்தார். மந்திரம் என்னிடம் இல்லை, பெரியவர்கள் கட்டச்சொன்னால் நான் தடுக்கமாட்டேன் என்றார். மகள்தான் வேண்டாம் என்றுவிட்டாள், சங்கு வளையும் பவள வளையும் போதும் என்று. என் அம்மாவே தாலி கட்டிக்கொள்ளாதவர், நான் என்ன சொல்ல.

நெற்பொரியில் வந்தது யாரும் எதிர்பாராத தடங்கல். நம் கல்யாணங்களில் பெண்ணின் சகோதரன் பொரி எடுத்துக் கொடுப்பதுபோல இங்கேயும் தீயில் கோய் என்ற பொரியைச் சொரிய, பெண்ணின் கையில் அதைச் சகோதரன் போட வேண்டும். என் மகளுக்கு உடன்பிறந்தவன் இல்லை. "மாமன் மகன் இருக்கிறானே, அவன் அண்ணன்தானே" என்றார் டாகூர்மொஷாய், இயல்பாக. வங்காளிகளுக்கு மாமன் மகன் அண்ணன். நமக்கு? அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கம் மௌனம். "என்னம்மா சொல்ற, அவன் அவளுக்கு முறைப்பையன். அவன் எப்படி அண்ணன் ஸ்தானத்துல நிப்பான்? ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றான். பகுத்தறிவு வீட்டில் பிறந்தவனுக்கும் முறை என்று வந்தால் உதறிவிட முடியவில்லை. நான் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, முறை என்பது நமக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. மூன்று நாள் கழித்து அவன் மகனே என்னை அழைத்தான். "அத்தை, சின்ன வயசுல இருந்து அவ எனக்குத் தங்கச்சிதான். நான் போடறேன். அப்பாகிட்ட நான் பேசிட்டேன்."

சரி, நடைமுறைக்கு வருகிறேன். புரோகிதர் ஒரு ஃபர்த் தருவார், சாமான் பட்டியல். எங்களுடையது நான்கு பக்கம். கடுக்காய், எள், தர்ப்பை, பஞ்சரத்தினம், பஞ்சசஸ்யம், காம்போடு இளநீர், மணல், சமித்து, கம்சா துண்டுகள் என்று போகும். இதற்கென்றே தசகர்மா பண்டார் என்ற கடைகள் உண்டு, பட்டியலைக் கொடுத்தால் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். நான் கரியாஹாட்டில் வாங்கினேன். ஒன்று செய்யுங்கள், கட்டி வாங்கிய மூட்டையைப் பட்டியலோடு வீட்டில் பிரித்துச் சரிபாருங்கள். எங்களுக்குக் கடுக்காய் குறைந்திருந்தது. மாப்பிள்ளை அணியும் டோப்போர் என்ற வெள்ளைக் கூம்புத் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், எடையே இல்லை. ஷோலா என்கிறார்கள், நம் தஞ்சாவூர் நெட்டிதான் அது. நெட்டியில் செய்த பெரிய கோவில் பொம்மை ஒன்று சின்ன வயதில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது, அந்த ஞாபகம் வந்து கடையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

தட்சிணை பேசும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது, அவர்தான் தெளிவாகப் பேசினார். எட்டாயிரம் ரூபாய், வேட்டி கம்சா, போக வர வண்டி. நாந்திமுகத்துக்குக் காலையில் வருவதும் அதிலேயே அடக்கம். பூஜையில் வைக்கும் அரிசி, துணி அவருக்கு. இதையெல்லாம் முன்பே பேசியதால் அன்று இரவு ஒரு சங்கடமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் புரோகிதரோடு ஒரு மாதம் முன்பே பேசி, இரண்டு பஞ்சிகையிலும் பொதுவாக வருகிற நாற்பது நிமிஷத்தை எட்டரை மணி வாக்கில் கண்டுபிடித்தார். ஹோமம் மாப்பிள்ளை வீட்டு யஜுர்வேத முறைப்படி, அதை அந்தப் புரோகிதரே நடத்த, இவர் பொருள் சொல்வது என்று பிரித்துக்கொண்டார்கள். மண்டபத்தில் உள்ளே தீ மூட்ட அனுமதி உண்டா, புகை எச்சரிக்கை மணி அடிக்குமா என்று கேட்கச் சொன்னதும் அவர்தான். கேட்டோம், அடிக்குமாம். மொட்டை மாடியில் ஒரு பந்தல் கூடுதலாகப் போட்டோம். என் கணவருக்குச் சர்க்கரை நோய், காலையிலிருந்து பட்டினி என்றால் ஆபத்து. பழமும் பாலும் எடுத்துக்கொள்ளட்டும், சோறு மட்டும் வேண்டாம், மயங்கி விழுவதை எந்த முன்னோரும் கேட்கவில்லை என்றார்.

நாந்திமுகம் பற்றி நான் அவரிடம் தனியாக ஒன்று கேட்டேன். கல்யாணத்தன்று காலையில் முன்னோர்களை அழைத்து ஆசி கேட்கும் சடங்கு அது. என் கணவர் உட்கார்ந்து அவருடைய முன்னோர் பெயர்களைச் சொல்வார். என் அம்மாவின் பெயரை எங்காவது சொல்ல முடியுமா? அவர் யோசித்தார். "சங்கல்பத்தில் இடமில்லை மா. ஆனால் நான் தொடங்கும் முன் நெல்லும் அருகம்புல்லும் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே உங்கள் பாஷையில் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்." அப்படியே செய்தேன். அம்மா பெயரும் அம்மாச்சி பெயரும் சொன்னேன். அப்பா பெயரைச் சொல்லவில்லை. அவர் இருந்திருந்தால் அந்த அறைக்குள் வந்திருக்கமாட்டார், வாசலில் நாற்காலி போட்டு வருகிறவர்களை உபசரித்துக்கொண்டிருந்திருப்பார். அவர் இல்லாதபோது அவரை உள்ளே அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாலையில் பதிவாளர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் சங்கு, உலுத்வனி. நாக்கை அசைத்து எழுப்பும் அந்த ஒலியை நாம் குலவை என்போம். அண்ணி எடுத்து விட்ட குலவையைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி. அண்ணன் பலகையின் ஒரு மூலையைப் பிடித்தான். ஏழு சுற்றும் விடவில்லை, அறுபது வயதில்.

ஹோமத்தின்போது மகள் காலை ஒரு கல்லின்மேல் வைக்கச் சொன்னார்கள். ஷீல், மசாலா அரைக்கிற கல். "அம்மி!" என்றார் அண்ணி சத்தமாக. டாகூர்மொஷாய் நிறுத்தி, அந்தச் சொல் என்ன என்று கேட்டு, ஒலிவாங்கியில் "அம்மி" என்று தானும் ஒருமுறை சொன்னார். படம் எடுக்கிறவர் மட்டும் இடையிடையே "டாகூர்மொஷாய், இன்னொரு தடவை" என்று கேட்டார். சப்தபதியில் ஏழாவது அடி வைத்ததும் சட்டப்படியே கல்யாணம் முடிந்தது, அதை இரண்டாம் தடவை வைக்க முடியாது தம்பி என்று அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இந்து திருமணச் சட்டத்தின் ஏழாவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. நெற்பொரி விழுந்தபோது அண்ணன் மகனின் கை நடுங்கியது, மகள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

மாடியில் ஹோமம் வைத்ததில் ஒரு நல்லது நடந்தது. பதினொரு மணி வாக்கில், எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு பேரையும் வடக்கே திருப்பித் துருவனையும் அருந்ததியையும் காட்டினார்கள். நம்மூரில் காலை முகூர்த்தத்தில் வெயிலில் விரலை நீட்டி அருந்ததி தெரிகிறதா என்றால் தெரிகிறது என்று சொல்லிவிட்டு வருவோம். இங்கே நிஜமாகவே இரவு. சப்தரிஷி மண்டலம் மேலே ஏறி நின்றது. வால்பக்கத்து நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக இன்னொன்று. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து நின்றான். "இருக்குடி, ரெண்டு இருக்கு" என்றான்.

மறுநாள் அவள் கிளம்பும்போது கனகாஞ்சலி. பெண் பின்பக்கமாக அரிசியை வீச, தாய் முந்தானையில் ஏந்த, "உன் கடனைத் தீர்த்துவிட்டேன் மா" என்று பெண் மூன்று முறை சொல்ல வேண்டும். இதுவும் உங்கள் ராஜ்ஜியம் என்று டாகூர்மொஷாய் முன்பே சொல்லியிருந்தார். மகள் அரிசியை வீசினாள். மூன்று முறையும் தமிழில், "போயிட்டு வர்றேம்மா" என்றாள்.

டாகூர்மொஷாய் முந்தின இரவே, கடைசி ரயில் போய்விட்டதால், நாங்கள் பிடித்துக் கொடுத்த வண்டியில் பாட்பாரா திரும்பியிருந்தார். கிளம்பும் முன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டு வரிசை, வேதம், கோத்திரம், பெரிசால் தாத்தா வரை, அவருடைய குண்டு குண்டான வங்காள எழுத்தில். "பொர்தியின் பேரன் கல்யாணத்துக்கு மறுபடி பெட்டியைக் கிளற வேண்டாம். கீழே இடம் விட்டிருக்கிறேன், உங்கள் பக்கத்தை நீங்களே எழுதி வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்."

அம்மா, அம்மாச்சி, அவரைப் பெற்றவர் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதினேன். அப்பாவின் பெயரையும் எழுதினேன். தாள் மாமியாரின் குப்தா பிரஸ் பஞ்சிகைக்குள் இருக்கிறது.